பச்சைத் தண்ணீரும் குளோரின் கணக்கும்

2007ஆம் ஆண்டுக் கோடையில் கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்களுக்கு வீட்டுக் கடனும் கொசுவும் சேர்ந்தே நினைவுக்கு வரும். பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருக்கிறது பேக்கர்ஸ்ஃபீல்டு. எண்ணெய்க் கிணறுகளும் திராட்சைத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே யாரும் பேசிக்கொள்ளாத விஷயம். அதனால் நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக் கொல்லையிலும் நீச்சல் குளம் இருக்கும். வட்டி ஏறி இறங்கும் கடனில் வீடு வாங்கியவர்கள் அந்த ஆண்டு தவணை கட்ட முடியாமல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டது, பம்ப் நின்றது, குளோரின் போட ஆளில்லை. குளங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. பூச்சியியல் ஆய்வாளர் வில்லியம் ரைசனும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கோடு சொல்கிறது. தவணை தவறியோருக்கான அறிவிப்புகள் 300 விழுக்காடு கூடின. அந்தக் கோடையில் அவ்வூரில் வெஸ்ட் நைல் வைரஸ் காய்ச்சல் கண்டவர்களின் எண்ணிக்கை 276 விழுக்காடு உயர்ந்தது. வானிலிருந்து பார்த்தபோது கண்ணில் பட்ட குளங்களிலும் வெந்நீர்த் தொட்டிகளிலும் 17 விழுக்காடு பச்சையாக இருந்தன. பறவைகளிடமிருந்து வைரஸை எடுத்து மனிதருக்குக் கடத்தும் கியூலெக்ஸ் கொசுக்கள் அந்தப் பச்சைத் தண்ணீரில் பெருகின. கொசு ஒழிப்புத் துறையினர் கைவிடப்பட்ட குளங்களில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன்களை விட்டார்கள்.

அந்த ஊரின் நிலவரத்தை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளத்தில் பாசி பிடிப்பதை அழகு கெட்ட விஷயமாகவும், வசதி படைத்தவர்களின் சின்னக் கவலையாகவும் நினைப்பவர்களே அதிகம். அங்கே குளம் பராமரித்த ஆண்டுகளில் எனக்கு வந்து சேர்ந்த முடிவு வேறு. பாசி எங்கிருந்தும் படையெடுத்து வருவதில்லை. காற்றிலும் தூசியிலும் மழையிலும் நீச்சல் உடைகளிலும் அதன் வித்துகள் எப்போதும் வந்து விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. தண்ணீரில் வேலை செய்யும் நிலையில் உள்ள குளோரின் குறையும் நாளில் அவை பெருகுகின்றன, அவ்வளவுதான். ஆகவே பாசியை அகற்றுவது ஒரு மருந்தைத் தேடிப் பிடித்து ஒரே நாளில் ஊற்றுகிற காரியம் அல்ல என்பது என் வாதம். குளத்தில் உள்ள சயனூரிக் அமிலத்துக்கு ஏற்ற அளவில் குளோரினை ஏற்றி, தண்ணீர் தானே சோதனையில் தேறும் வரை அந்த அளவை இறங்கவிடாமல் தாங்கிப் பிடிப்பதே அது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாத வீடுகளில்தான் ஆண்டுதோறும் பணமும் ரசாயனமும் தண்ணீரும் வீணாவதைக் கண்டிருக்கிறேன். எளிதாகத் தவிர்க்கக்கூடிய வீண் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் குளோரின் தண்ணீருக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். திரவமாக ஊற்றினாலும் தூளாகப் போட்டாலும் மாத்திரையாக மிதக்கவிட்டாலும் அது தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் பிரிந்து நிற்கும். கிருமியையும் பாசியையும் கொல்லும் வலு பெரும்பாலும் முதலாவதற்குத்தான். பிஹெச் 7.5 அளவில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. பிஹெச் 8க்கு ஏறினால் வலுவுள்ள பங்கு கால்வாசியாகிவிடும். இந்த இரண்டையும் வெயில் அழித்துவிடும். உச்சி வெயிலில் திறந்த குளத்தில் போட்ட குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே போய்விடக்கூடும். அதைத் தடுக்கத்தான் சயனூரிக் அமிலம் சேர்க்கிறார்கள். கடைகளில் ஸ்டெபிலைசர் என்றும் கண்டிஷனர் என்றும் விற்பது இதுதான். அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெயிலில் கரையாமல் காப்பாற்றி, தேவைக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். பத்தாயம் நிறைய நெல் இருந்தாலும் அன்றைக்குப் பசியாற்றுவது பானையில் வேகும் அரிசிதான் அல்லவா? சயனூரிக் அமிலம் பூட்டி வைத்த குளோரின் பத்தாயத்து நெல். சோதனைப் பெட்டியோ நெல்லையும் அரிசியையும் சேர்த்தே அளந்து ஒரே எண்ணாகக் காட்டும். கோடைக் குளத்தில் குளோரினில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கு இப்படிப் பூட்டப்பட்டே இருக்கும்.

இந்தச் சமநிலையை ஓ பிரையன், மோரிஸ், பட்லர் என்ற மூன்று வேதியியலாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்விலேயே எண்களோடு விளக்கிவிட்டார்கள். அதிலிருந்து பெறும் நடைமுறைப் பாடம் ஒன்றுதான்: குளத்தின் வலுவைத் தீர்மானிப்பது குளோரினின் அளவு மட்டுமல்ல, குளோரினுக்கும் சயனூரிக் அமிலத்துக்கும் உள்ள விகிதம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதைக் குளம் பராமரிப்பவர்கள் பிபிஎம் என்கிறார்கள். குளோரின் 3 பிபிஎம், சயனூரிக் அமிலம் 30 பிபிஎம் உள்ள குளம் தெளிவாக இருக்கும். அதே 3 பிபிஎம் குளோரின், ஆனால் சயனூரிக் அமிலம் 100 பிபிஎம் என்றால், வேலை செய்யும் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். சோதனைத் தாளில் இரண்டு குளங்களும் ஒரே நிறம் காட்டும். ஒன்று நீலமாக நிற்கும், மற்றது பச்சைக்குப் போகும். குளோரின் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் பாசி என்று அங்கலாய்க்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். அனுபவமுள்ள பராமரிப்பாளர்கள் சயனூரிக் அமிலத்தில் 7.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குளோரின் வைத்துக்கொள்ளச் சொல்வது இந்தச் சமநிலையை ஒட்டித்தான். அதாவது 40 பிபிஎம் அமிலம் இருந்தால் குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே போகக் கூடாது. பாசி பிடித்த பிறகு அதே குளத்துக்கு வேண்டியது 40 விழுக்காடு, அதாவது 16 பிபிஎம்.

சயனூரிக் அமிலம் இவ்வளவு ஏறுவது எப்படி? பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் தனியாகக் கொட்டுவதில்லை. குளோரின் மாத்திரையோடு சேர்ந்தே அது வருகிறது. கடைகளில் விற்கும் வெள்ளை மாத்திரை டிரைகுளோர். அது தண்ணீருக்கு 10 பிபிஎம் குளோரின் தரும்போது 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்லும். ஷாக் என்று பொட்டலத்தில் விற்கும் டைகுளோர் தூள் என்றால் 9 பிபிஎம். கோடையில் ஒரு குளம் நாளொன்றுக்கு 2.5 பிபிஎம் குளோரின் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 75 பிபிஎம். அத்தனையையும் மாத்திரையிலேயே கொடுத்தால் அந்த மாதம் ஏறும் சயனூரிக் அமிலம் 45 பிபிஎம். ஏப்ரலில் நல்லபடியாகத் தொடங்கிய குளம் ஜூலையில் 135 பிபிஎம் கூடுதல் சுமையோடு நிற்கும். குளோரின் செலவாகிவிடும், அமிலம் செலவாகாது. தண்ணீர் ஆவியாகும்போது அது ஆவியாவதில்லை, குளத்திலேயே தங்கிவிடும். தெறித்துப் போகிற தண்ணீரும் ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவும்போது வெளியேறும் தண்ணீரும் மட்டுமே அதைக் கொஞ்சம் குறைக்கும். ஆக, கோடையின் உச்சத்தில், வெயிலும் வெப்பமும் பாசிக்கு மிகச் சாதகமாக இருக்கிற வாரத்தில், குளத்தின் காவல் மிகத் தளர்ந்திருக்கும். மாத்திரை போடுவதை ஒரு நாளும் தவறவிடாதவரின் குளமும் ஜூலையில் பச்சையாவது இதனால்தான். அவரைச் சோம்பேறி என்று சொல்வது நியாயமே இல்லை. அவர் செய்தது முழுவதும் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்ததைத்தான்.

குளோரின் போனால்தான் பாசி வரும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மரியா லெங்க் நீச்சல் அரங்கின் டைவிங் குளம் ஆகஸ்ட் 9 அன்று பச்சையாக மாறியது. அடுத்து பக்கத்திலிருந்த வாட்டர் போலோ குளமும் நிறம் மாறியது. முதலில் காரத்தன்மை குறைந்ததாகச் சொன்னார்கள், ரசாயனம் தீர்ந்துவிட்டது என்றார்கள். பிறகு அமைப்பாளர்கள் வெளிப்படுத்திய காரணம், ஆகஸ்ட் 5 அன்று ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் குளத்தில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியிருந்தார் என்பது. பெராக்சைடும் கிருமிநாசினிதான். ஆனால் குளோரினோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று முடித்துவிடும். மிஞ்சுவது உப்பும் ஆக்சிஜனும் தண்ணீரும். சோதனைக் கருவிகள் குளோரின் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தன என்பதும் அப்போது வெளிவந்தது. உலகின் சிறந்த வீரர்கள் குதிக்கும் குளம், தேர்ந்த பணியாளர்கள், ஓயாமல் ஓடும் ஃபில்டர் எல்லாம் இருந்தும், குளோரினின் வலு போன நான்காம் நாள் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பேக்கர்ஸ்ஃபீல்டில் பம்ப் நின்ற கொல்லைக் குளத்துக்கும் இந்த அரங்குக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒன்றுதான். அழுக்கோ, ஃபில்டரின் விலையோ, பராமரிப்புக் குழுவின் அளவோ இதில் கணக்கில் வரவில்லை.

இப்படியென்றால் பச்சையான குளத்தைத் தெளியவைக்கும் வழி தானே புலப்படும். முதல் வேலை அளப்பது. குளோரின், பிஹெச், சயனூரிக் அமிலம் மூன்றையும் அளக்காமல் எதையும் ஊற்றக் கூடாது. சயனூரிக் அமிலச் சோதனை பார்க்க மிக எளிது: குளத்து நீரோடு மெலமைன் கரைசலைச் சேர்த்தால் பால் போலக் கலங்கும், குழாயின் அடியில் உள்ள கறுப்புப் புள்ளி எந்த உயரத்தில் மறைகிறதோ அதுதான் அளவு. (2007இல் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் கலப்பட உணவு தின்று சிறுநீரகம் கெட்டுச் செத்ததும் இதே இரண்டு பொருள்கள் உடலுக்குள் சேர்ந்து படிகமானதால்தான். சோதனைக் குழாயில் நாம் காணும் அந்தக் கலங்கல்தான் அவற்றின் சிறுநீரகத்தில் கல்லானது.) சயனூரிக் அமிலம் 100க்குப் பக்கத்தில் இருந்தால், வேண்டிய குளோரின் 40 பிபிஎம், அதைப் பிடித்து நிறுத்துவது எந்த வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அப்போது முதலில் பாதித் தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். அமிலம் 30, 40 என்ற அளவில் இருந்தால் தண்ணீரைத் தொடவே தேவையில்லை. பிஹெச்சை 7.2க்குக் கொண்டுவர வேண்டும், பிறகு திரவக் குளோரின். 60,000 லிட்டர் குளத்தில் ஒரு பிபிஎம் ஏற்ற 60 கிராம் குளோரின் தேவை, 12.5 விழுக்காட்டுத் திரவம் ஒரு லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய 2 பிபிஎம் ஏறும். 16 பிபிஎம்முக்கு எட்டு லிட்டர். இது முதல் தவணை மட்டுமே.

முதல் தவணை என்று நான் அழுத்துவதில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் போட்ட குளோரின் பாசியை எரிப்பதிலேயே தீர்ந்துபோகும். காலையில் 16 இருந்தது மதியத்தில் 5க்கு வந்துவிடும். அந்த நேரத்தில் விட்டுவிட்டால், தப்பிப் பிழைத்த பாசி இரண்டே நாளில் இழந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நாளில் பல முறை அளந்து, குறைந்ததை உடனுக்குடன் ஈடுகட்ட வேண்டும். பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். சுவரையும் தரையையும் ஏணியின் பின்புறத்தையும் விளக்குக் கண்ணாடியின் விளிம்பையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். விளக்கு மாடத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் பாசிதான் பல குளங்களில் திரும்பத் திரும்ப முளைப்பது. பிரஷ்ஷை வெறும் கூலிவேலையாக நினைப்பவர்கள் உண்டு. பாசி தன்னைச் சுற்றி வழுவழுப்பான படலம் போர்த்திக்கொள்ளும். அதைக் கிழித்துவிடாமல் குளோரின் உள்ளே போகாது. கறுப்புப் பாசி என்று சொல்லப்படும் சயனோபாக்டீரியாவுக்கு நைலான் பிரஷ் போதாது. கான்கிரீட் குளம் என்றால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பிரஷ் வேண்டும். பச்சை முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு வெள்ளைக் கலங்கலாகும். அந்தக் கலங்கல் செத்த பாசி. அதை வெளியேற்றுவது குளோரின் அல்ல, ஃபில்டர். மணல் ஃபில்டர் பிடிப்பது 20 முதல் 40 மைக்ரான் வரையிலான துகள்களை. பாசியின் செல்லோ பெரும்பாலும் அதைவிடச் சிறியது. அதனால் மணல் ஃபில்டர் உள்ள குளம் தெளிய நாளாகும், அழுத்தமானி ஏறும்போதெல்லாம் ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவ வேண்டியிருக்கும். இந்த நாள்களில் பொறுமை இழந்துதான் பெரும்பாலானோர் கடைக்கு ஓடுகிறார்கள்.

கடையில் கிடைப்பவற்றில் முதலாவது தாமிரம் கலந்த பாசிக்கொல்லி. அது வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. தாமிரம் பாசியைக் கொல்லும். ஆனால் சயனூரிக் அமிலத்தைப் போலவே அதுவும் தண்ணீரை விட்டுப் போகாது, ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே வரும். பிஹெச் கொஞ்சம் ஏறினால் சுவரில் நீலப்பச்சைக் கறையாகப் படியும். குளத்தில் நீந்தும் பொன்னிற முடிக்காரர்களின் தலை பச்சையாவதும் தாமிரத்தால்தான். பழி குளோரினுக்குப் போகிறது. இரண்டாவது, பாஸ்பேட்டை அகற்றும் மருந்து. பாசிக்கு உணவு பாஸ்பேட், உணவை எடுத்துவிட்டால் பாசி பட்டினியால் சாகும் என்பது அதன் வாதம். கேட்க வலுவான வாதம்தான், ஏரிகளுக்கு அது பெருமளவு பொருந்தவும் செய்யும். வீட்டுக் குளத்தில் பாசிக்கு வேண்டியது மிகச் சொற்பம். காற்றில் வரும் தூசியும் சருகும் குழாய்த் தண்ணீரும் அதை நாள்தோறும் கொண்டுவந்து சேர்க்கும். விகிதம் சரியாக உள்ள குளத்தில் பாஸ்பேட் எவ்வளவு இருந்தாலும் பாசி வளராது, ஏனெனில் வித்து முளைக்கும் முன்பே செத்துவிடுகிறது. விகிதம் கெட்ட குளத்தில் பாஸ்பேட்டை எடுப்பது பாசியைச் சற்று மெதுவாக்கும், அவ்வளவே. நோய்க்கிருமிகளுக்கு எதிராக அது எதுவும் செய்யாது. காவல் தளர்ந்த தண்ணீரில் பாசி மட்டும் மறைந்தால் தண்ணீர் பார்க்க நன்றாக இருக்கும், குளிப்பவருக்கு ஆபத்து அப்படியே இருக்கும். இதை நான் பாசியைவிடப் பெரிய கெடுதலாகக் கருதுகிறேன்.

குளோரினை இப்படி ஏற்றிப் பிடிப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் நியாயமானது ஒன்று உண்டு: 16 பிபிஎம் குளோரின் என்றால் கண்ணும் தோலும் என்னாவது? குழந்தைகள் இறங்கும் குளம் ஆயிற்றே. அச்சம் புரிகிறது. ஆனால் மேலே சொன்ன சமநிலையை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம். 40 பிபிஎம் சயனூரிக் அமிலம் உள்ள தண்ணீரில் 16 பிபிஎம் குளோரின் இருக்கும்போது, அதில் பூட்டப்படாமல் திரியும் பங்கு, சயனூரிக் அமிலமே இல்லாத உள்ளரங்கக் குளம் ஒன்றில் 1 பிபிஎம் குளோரின் இருக்கும்போது இருப்பதைவிடக் கூடுதல் அல்ல. அந்த 1 பிபிஎம்மைத்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறைந்தபட்ச அளவாகச் சொல்கிறது. சயனூரிக் அமிலம் சேர்த்த குளத்துக்கு 2 பிபிஎம் என்கிறது. கண் எரிவதும் மூக்கில் ஏறும் நெடியும் பெரும்பாலும் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோராமினால். அது குளோரின் போதாததன் அடையாளமாகவே பல நேரங்களில் இருக்கிறது. இவ்வளவு சொன்ன பிறகும், தரை தெரியாத கலங்கல் குளத்தில் யாரையும் இறங்கவிடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அதற்குக் காரணம் குளோரின் அல்ல. மூழ்கியவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

உண்மையான ஆபத்து தண்ணீருக்கு வெளியே, ரசாயனம் வைக்கும் அறையில் இருக்கிறது. அமெரிக்காவில் 2015 முதல் 2017 வரை மூன்று ஆண்டுகளில் நீச்சல் குள ரசாயனங்களால் காயமுற்று அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் 13,508 பேர் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது. டிரைகுளோர் மாத்திரை இருந்த வாளியில் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளைக் கொட்டினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பிஹெச்சைக் குறைக்க ஊற்றும் ஆசிட் குளோரினோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும். ஒன்று வேலை செய்யவில்லையென்று இன்னொன்று, அதுவும் போதாதென்று மூன்றாவது என்று வாங்கி அடுக்கும் வீட்டில்தான் இப்படிப்பட்ட கலப்புக்கு இடம் உண்டு. திரவக் குளோரினும் ஆசிட்டும் மட்டும் வைத்திருந்து, இரண்டையும் தனித்தனி மூலையில் பூட்டி, ஒன்றை ஊற்றி நன்றாகக் கலந்த பிறகே மற்றதைத் தொடுகிறவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. கணக்கை வலியுறுத்துவதில் எனக்குள்ள அக்கறையில் பாதி இதைப் பற்றியது.

எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் ஒரே நாளில் முடிந்ததே என்பது இன்னொரு ஆட்சேபம். ரியோவிலும் கடைசியில் அதைத்தான் செய்தார்கள்; கலைநீச்சல் வீராங்கனைகள் நீருக்கடியில் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும் என்பதால், பக்கத்துப் பயிற்சிக் குளத்திலிருந்து கிட்டத்தட்ட 37 லட்சம் லிட்டர் நீரை மாற்றினார்கள். போட்டி தேதி கழுத்தில் நின்ற இடத்தில் அது சரி. வீட்டில் அது பெரும்பாலும் தவறான முடிவு. நிலத்தடி நீர் மேலே உள்ள இடத்தில் காலியான கான்கிரீட் குளம் அடியிலிருந்து தள்ளப்பட்டு மேலெழும்பி வெடித்துவிடக்கூடும்; வினைல் விரிப்புள்ள குளத்தில் விரிப்பு சுருங்கிக் கிழியும். 2012 முதல் 2016 வரை கலிபோர்னியாவை வாட்டிய வறட்சியில் வயல்களுக்கே தண்ணீர் இல்லாதபோது 60,000 லிட்டரைச் சாக்கடையில் விடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியமாகவே இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், தண்ணீர் புதிதானாலும் மாத்திரை பழையதுதான். அடுத்த ஜூலையில் அதே 135 பிபிஎம் அங்கே நிற்கும்.

ஆஸ்திரியாவில் 1980களிலிருந்து கட்டப்படும் இயற்கை நீச்சல் குளங்களைக் காட்டி, குளோரினே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவற்றில் நீந்தும் பகுதிக்கு ஈடாக நாணலும் நீர்ச்செடிகளும் வளரும் தனிப் பகுதி இருக்கும். தண்ணீர் அதன் வேர்கள் வழியாகச் சுற்றிவரும், அங்கேதான் பாசிக்கான சத்து உறிஞ்சப்படும். அது தனி வடிவமைப்பு, அதற்குரிய இடமும் பணமும் ஒதுக்கிக் கட்டுவது. செடியும் சுழற்சியும் இல்லாத கான்கிரீட் தொட்டியில் குளோரினை நிறுத்திவிட்டு அதை இயற்கைக் குளம் என்று அழைத்தால் கிடைப்பது பேக்கர்ஸ்ஃபீல்டின் 2007தான். உப்புக் குளம் வைத்திருப்பவர்கள் தங்களுடையதில் குளோரின் இல்லை என்று நம்புவதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம்: அந்த மின்கருவி உப்பிலிருந்து தயாரிப்பது குளோரினைத்தான். விகிதக் கணக்கு அங்கேயும் அதுவே.

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வீடுகளிலும் பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இப்போது குளங்கள் பெருகிவிட்டன. அங்கே இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. கடினமான போர்வெல் தண்ணீரும், கிணற்றுக்குப் போட்டுப் பழகிய பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் சுண்ணாம்புச் சத்து ஏறும், பிஹெச் எட்டை நோக்கி நகரும், குளோரினின் வலு அந்த வழியில் குறையும். பவுடரில் சயனூரிக் அமிலம் கிடையாது என்பதால் பூட்டும் இல்லை, வெயிலுக்குக் காவலும் இல்லை. காலையில் போட்டது மதியத்துக்குள் போய்விடும். அங்கே கொஞ்சம் சயனூரிக் அமிலம், 30 பிபிஎம் அளவுக்கு, சேர்த்தாக வேண்டும். கலிபோர்னியாக் குளத்தின் கேடு அதிக அமிலம். இங்கே அது அறவே இல்லாததே கேடு. சிகிச்சை எதிரெதிராகத் தோன்றினாலும், இரண்டையும் முடிவு செய்வது அளந்து பார்த்த எண்தான்.

குளம் தேறிவிட்டது என்று கண்ணை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து தரையில் கிடக்கும் காசு தெரிவது ஒன்று. சேர்ந்துபோன குளோரின், அதாவது குளோராமின், 0.5 பிபிஎம்முக்கு மேல் இல்லாதது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்கு மிக நம்பகமானது: சூரியன் மறைந்த பிறகு குளோரினை அளந்து, மறுநாள் வெயில் படும் முன் மீண்டும் அளப்பது. இரவில் குளோரினை அழிக்க வெயில் இல்லை. ஆகவே இரவுக்குள் ஒரு பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் அதைத் தின்ற உயிர் இன்னும் தண்ணீருக்குள் எங்கோ இருக்கிறது. பார்வைக்குத் தண்ணீர் எவ்வளவு நீலமாக இருந்தாலும் அளவைத் தாங்கிப் பிடிப்பதை நிறுத்தக் கூடாது. ஒரு பிபிஎம்முக்குள் குறைந்தால் குளோரினைத் தானாக இறங்கவிட்டு, அன்றாட அளவுக்கு வரலாம். அதன்பின் மாத்திரையை வெளியூர் போகும் வாரங்களுக்கு மட்டும் ஒதுக்கி, மற்ற நாள்களில் மாலையில் திரவக் குளோரினை ஊற்றி, மாதம் ஒரு முறை அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டால் போதும். அமிலம் 60ஐத் தாண்டும் மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றலாம். மழைக்காலத்தில் செய்தால் அதற்குக் குழாய்த் தண்ணீரும் வேண்டாம்.